விரதத் திருத்தம்

உலகத்திலேயே மனநோய் குறைவாக இருக்கிற மக்கள் தமிழ்நாட்டு மக்கள்தான் என்று புதன்கிழமை காலையில் அறிவிப்பு வந்தது. மதுரையில் இருந்த மனநல ஒப்பீட்டு அலுவலகத்தில் உடனே லட்டு வந்து இறங்கிவிட்டது. பேருந்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க முட்டி மோதுகிற, பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் தூக்கத்தைத் தொலைக்கிற நம் ஜனங்களுக்கா இந்தப் பட்டம் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல பட்டம் கிடைக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

“எல்லாம் உங்க கைவண்ணம்தான் சுபாஷிணி. முதல் லட்டு உங்களுக்கு,” என்று இயக்குநர் கோதண்டபாணி தட்டை நீட்டினார்.

“எனக்கு இன்னைக்கு விரதம் சார்.”

அவர் சட்டென்று தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். விரதமாவது ஒன்றாவது! வாய்க்கு எதுவும் பிடிக்காத நாளில் சுபா சொல்கிற சாக்கு அது. வயிறு சரியில்லை என்றால் ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள், பசியில்லை என்றால் காரணம் கேட்பார்கள். விரதம் என்று சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கைவண்ணம் என்று அவர் சொன்னது வெறும் முகஸ்துதி இல்லை. உலகம் முழுக்க எல்லா நாட்டு மக்களுக்கும் மணிக்கட்டில் ஒரே மாதிரியான பட்டை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். மனமானி என்று பெயர். கட்டியிருப்பவர் எவ்வளவு தூங்குகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், எத்தனை பேரோடு பேசுகிறார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். மனசு ஒழுங்காக இருந்தால் பச்சை விளக்கு, தடுமாறினால் மஞ்சள், நோய் என்றால் சிவப்பு. வீட்டு ஆட்களின் விளக்கை அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே பட்டை, ஒரே அளவுகோல், ஆகவே எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் மனநோய் அதிகம், எங்கே குறைவு என்று இனிமேல் நியாயமாக ஒப்பிட்டுவிடலாம் என்று விஞ்ஞானிகள் குதித்தார்கள்.

முதல் ஒப்பீட்டிலேயே தமிழ்நாட்டின் மானம் கப்பலேறியது. கணக்கெடுத்தது கார்த்திகை மாதம். மாலை போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுத்து, விடியுமுன் எழுந்து பச்சைத்தண்ணீரில் குளித்து, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, பெண்டாட்டியை விட்டுத் தள்ளியிருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் கடுமையான மனச்சோர்வு நோயாளிகள் என்று மனமானி சொல்லிவிட்டது. சஷ்டி விரதம் இருந்த பெண்கள் எல்லாரும் சிவப்பு. மௌன விரதம் இருந்த ஒரு தாசில்தார் அடர்சிவப்பு. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வெளிநாடுகள் தமிழ்நாட்டு ஆட்களுக்கு வேலை விசா கொடுப்பதை நிறுத்திவிட்டன.

அப்போதுதான் சுபா உலகக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாள். “எங்கள் பக்தியை நோய் என்று சொல்ல நீங்கள் யார்?” என்று கேட்டாள். கை தட்டினார்கள். அவள் கேட்டதில் நியாயமும் இருந்தது. அவள் எழுதிக்கொடுத்த விரதத் திருத்தத்தை மனமானியில் சேர்த்தார்கள். பட்டை கட்டியிருப்பவர் வாயால் ‘இன்னைக்கு விரதம்’ என்று சொன்னால் போதும், பட்டை கேட்டுக்கொள்ளும். அன்றைய பட்டினியோ விழிப்போ மௌனமோ கணக்கில் சேராது. மாநிலம் முழுக்க ஒரே பச்சை.

“மேடம், எனக்கு ஒரு சின்ன உறுத்தல்,” என்றார் நிஜாமுதீன். அலுவலகத்தின் புள்ளியியல்காரர். வாயில் பாதி லட்டு இருந்தது. “திருத்தம் வந்தப்புறம் நம்ம மாநிலத்துல விரதம் மூணு மடங்கு ஆயிருச்சு.”

“பக்தி பெருகுது நிஜாம். சந்தோஷப்படுங்க.”

“பக்திக்குன்னு ஒரு காலம் இருக்கும்ல மேடம்? ஆடியில ஏறணும், ஆவணியில எறங்கணும். எங்க நோன்பும் அப்படித்தான், பெருநாள் வந்தா முடிஞ்சிரும். இது எறங்கவே மாட்டேங்குது. வாரம் ஏழு நாளும் விரதம்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. யாரு என்னன்னு பேரு தெரியாது, எண்ணிக்கைதான் நமக்கு வரும். அத்தனை பேருக்கும் பச்சை விளக்கு.”

“ஏழு நாளும் எந்தச் சாமிக்கு விரதம் இருப்பாங்களாம்?” என்று சிரிக்க ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அக்கா ஞாபகம் வந்தது. ராஜபாளையத்தில் இருக்கிற பானு அக்கா. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று போன தடவை பேசும்போது அடுக்கியிருந்தாள். போன தடவை என்றால் எப்போது? சுபாவுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்பா, பின்பா?

போனில் அக்காவின் விளக்கைப் பார்த்தாள். பளிச்சென்று பச்சை. தினமும் காலையில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். பச்சையாக இருந்தால் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம், அதற்கு மேல் போன் போட்டு என்ன கேட்க? அப்படியே இத்தனை நாளும் இருந்துவிட்டாள். வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“என்னடி அதிசயமா போன் பண்ற! சாப்ட்டியா?” என்றாள் பானு, குரலில் எந்தக் குறையும் இல்லாமல்.

“நீ சாப்ட்டியாக்கா?”

“எனக்கு இன்னைக்கு விரதம்டி.”

“புதன்கிழமை என்னக்கா விரதம்?”

“இருக்கு, ஏதோ ஒண்ணு. அதையெல்லாம் கணக்குக் கேக்காத. அடுப்புல பால் வச்சிருக்கேன்,” என்று பானு வைத்துவிட்டாள்.

அடுத்து அத்தானைக் கூப்பிட்டாள். கனகவேல் நூல் மில்லில் சூப்பர்வைசர். பின்னால் தறிபோல ஏதோ ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் கத்திப் பேசினார். “உங்க அக்காவா? வீட்டையே கோயிலாக்கிட்டாள்ல! ரெண்டு தடவ கிறுகிறுன்னு வருதுன்னு விழுந்தா. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனேன். அவங்க முதல்ல வெளக்கத்தான பாக்காங்க? பச்சையா இருக்கு, ஒண்ணுமில்ல, ரத்தம் கம்மி, பேரிச்சம்பழம் சாப்பிடச் சொல்லுங்கன்னுட்டாங்க. ஏம்மா, பயப்படுற மாதிரி ஏதும் இருக்கா?”

“இல்லத்தான். சும்மா கேட்டேன்,” என்றாள் சுபா.

நிஜாமிடம் ஓடினாள். “எங்க அக்காவுக்கு மட்டும் திருத்தத்த எடுத்துட்டு விளக்கு என்ன கலர்னு பாக்க முடியுமா?”

“தனியாள் கணக்கத் தொறந்தா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாங்க மேடம். எடுத்தா மொத்த மாநிலத்துக்கும்தான் எடுக்கணும். அதுவும் எழுதிக்கொடுத்தவங்க நீங்கதான் திரும்ப வாங்கணும். இந்த ஒப்பீட்ட வச்சு விசா குடுக்கிற ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாகுது, அதுவரைக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்கப்புறம் யாராலயும் தொட முடியாது.”

கோதண்டபாணி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாத மனுஷர். “என்னம்மா விளையாடுறீங்களா? எத்தனை பிள்ளைங்க விசாவுக்குக் காத்துக் கெடக்குதுங்க தெரியுமா? நர்சு, பிளம்பர், சமையல்காரர்னு ஒரு லட்சம் குடும்பம். உங்க அக்கா பொண்ணு மதுவே நர்சுன்னு சொன்னீங்களே, அதுவும்தானே? ஒருத்தங்க சரியா சாப்பிடலைங்கிறதுக்காக மொத்த மாநிலத்தையும் பைத்தியக்காரப் பட்டியல்ல சேக்கச் சொல்றீங்களா?”

“ஒருத்தங்க இல்ல சார். நிஜாம் சொன்ன எண்ணிக்கையப் பாருங்க.”

“அதுல நெசமாவே விரதம் இருக்கிறவங்க எத்தனை பேரு, நோயாளிங்க எத்தனை பேரு? உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமா?”

முடியாது. அதுதான் அவளைக் கொன்றது. ஒரு பெண் அம்மனுக்காகப் பட்டினி கிடப்பதும், வாழப் பிடிக்காமல் பட்டினி கிடப்பதும் மணிக்கட்டுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். முதலில் மனமானி எல்லாரையும் நோயாளி என்றது, அவள் சண்டை போட்டு எல்லாரையும் பக்தர் ஆக்கினாள். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம் என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

வியாழக்கிழமை காலை முதல் பேருந்தில் ராஜபாளையம் கிளம்பினாள். இரண்டரை மணி நேரத்துப் பயணம்தான். இந்த இரண்டரை மணி நேரத்தைக் கடக்க ஒரு வருஷத்துக்கும் மேலாக நமக்கு முடியவில்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். திருமங்கலம் தாண்டும்போது நிஜாம் கூப்பிட்டார்.

“மேடம், மனசு கேக்கல. மத்த நாடெல்லாம் என்ன திருத்தம் எழுதிக் குடுத்திருக்குன்னு எடுத்துப் பாத்தேன். அது பொதுவுல இருக்கிறதுதான். ஒரு நாட்டுக்காரங்க, நாங்க குளிர்காலத்துல யாரோடயும் பேச மாட்டோம், அது எங்க பழக்கம்னு எழுதியிருக்காங்க. இன்னொருத்தங்க, வேலை செய்ற எடத்துலயே தூங்கி எந்திரிக்கிறது எங்க ஒழுக்கம்ங்கிறாங்க. சாயங்காலம் ஆனா குடிக்கிறது எங்க விருந்தோம்பல்னு ஒரு நாடு.”

“எல்லா நாடும் எழுதியிருக்கா?”

“ஒண்ணு பாக்கியில்ல. எல்லாத் திருத்தத்தையும் எடுத்துட்டு ஒரு கணக்குப் போட்டேன். நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசமே இல்ல மேடம். அவங்கவங்களுக்கு எங்க வலிக்குதோ அந்த எடத்துல பாத்து, இது எங்க பண்பாடுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நம்ம முதலாவதா வந்தது மனசு நல்லா இருந்து இல்ல. நீங்க நல்லா எழுதினதால.”

சுபா போனை மடியில் வைத்தாள். வெளியே பருத்திக் காடு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் திறக்கும்போது எப்படி இருப்பாள் என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

பானு கதவைத் திறந்தாள். சிரித்துக்கொண்டுதான் திறந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட தங்க வளையல் கழன்று விழாமல் இருக்க அதில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தாள். அப்படியும் அது முழங்கை வரை ஏறி இறங்கியது. ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் உள்ளே மடித்துத் தைத்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கையில் மனமானி, பக்கத்து வீட்டுக்கும் தெரிகிற மாதிரி பச்சை.

“என்னக்கா இப்படி இருக்க!”

“ஒல்லியா இருந்தா அழகுன்னுதான எல்லாரும் சொல்றாக? வா, கை கால் கழுவு. நீ வர்றேன்னு சொன்னதும் சமைச்சுட்டேன்.”

வெண்டைக்காய் போட்ட புளிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம், சுட்ட அப்பளம், சுபாவுக்குப் பிடிக்கும் என்று பருப்புப் பாயாசம். ஒரு தட்டு மட்டும் வைத்திருந்தாள்.

“நீயும் உக்காரு.”

“வியாழக்கிழமைடி. எனக்கு விரதம்.”

“அப்ப நானும் விரதம். நீ சாப்ட்டாத்தான் எனக்குச் சோறு,” என்று சுபா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“சின்னப்பிள்ளையாடி நீ? வந்ததும் வராததுமா அழும்பு பண்ற.”

சுபா அசையவில்லை. இரண்டு பேரும் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்தே ஒருத்தி அழுத்தமாகத் தட்டைத் தள்ளினால் இன்னொருத்தி இறங்கி வந்தாக வேண்டும். பானு கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கே மூச்சு வாங்கியது.

“முதல் செவ்வாக்கிழமை உனக்காகத்தான்டி இருந்தேன்,” என்றாள். “உலகக் கூட்டத்துக்குப் போகப் பயமா இருக்குக்கான்னு போன்ல அழுதியே, ஞாபகம் இருக்கா? நீ ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஜெயிச்சுட்ட. வேண்டுதல் முடிஞ்சுது, விட்டுரலாம்னுதான் பாத்தேன். விட முடியல. மது ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனப்புறம் காலையில முழிச்சா எதுக்கு முழிச்சோம்னு இருக்கும். அந்த நெனப்பு கெடந்து அரிக்கும். பசிச்சா மட்டும் அது இருக்காது. பசி மட்டும்தான் இருக்கும். அது எனக்கு வசதியா இருந்துச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“என்னன்னு சொல்ல? நானும் இந்த வெளக்கத்தான் பாத்துக்கிட்டே கெடப்பேன். பச்சையாவே இருக்கும். ஒனக்கு ஒண்ணுமில்லன்னு எந்தங்கச்சி திருத்தின மிஷினே சொல்லுது, நானா எதையாவது இழுத்து விட்டுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். நீயும் பாத்துக்கிட்டுத்தான இருப்ப?”

கடைசிக் கேள்வியைப் பானு குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். சுபாவுக்கு அழுகை வந்துவிட்டது. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், தினமும் காலையில பாத்தேன், பாத்துட்டு ஒரு போன் மிச்சம்னு வேலையப் பாக்கப் போனேன் என்று வாய்விட்டு அழுதாள். பானுதான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

அழுது முடித்ததும் சுபா போனை எடுத்தாள். “நான் எழுதின திருத்தத்தத் திரும்ப வாங்கப் போறேன்க்கா. எடுத்தா மாநிலத்துக்கே எடுக்கணும்,” என்றாள். பானு சட்டென்று கையைப் பிடித்தாள். அந்த எலும்புக் கையில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ!

“வேண்டாம்டி. மதுவுக்கு விசா வரப்போகுது. ஊரே செவப்பானா ஒருத்தருக்கும் கெடையாது. அதுலயும் அம்மாக்காரி செவப்புன்னா அவளுக்கு என்னைக்குமே கெடையாது. உன் கால்ல வேணா விழுறேன்.”

“நீ செத்துப் போயிட்டா அவ எந்த ஊர்ல இருந்தா என்னக்கா? பச்சையா இருக்கிறவரைக்கும் எந்த டாக்டரும் உன்னைத் திரும்பிப் பாக்க மாட்டான். அத்தான் நம்ப மாட்டாரு. நீயே நம்ப மாட்டேங்குற. உன்னை மாதிரி எத்தனை வீட்ல எத்தனை பேரு விரதம் விரதம்னு சொல்லிக்கிட்டுக் கெடக்காங்களோ தெரியல. நான்தானே அவங்க வாய அடைச்சேன்?”

“நெசமாவே சாமிக்காக விரதம் இருக்கிறவங்களும் செவப்பாயிருவாங்களேடி. பாவம் இல்லையா?”

“பாவம்தான்,” என்றாள் சுபா. “யாரு சாமிக்கு இருக்கா, யாரு சாகுறதுக்கு இருக்கான்னு மிஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாராவது பக்கத்துல வந்து கேட்டாத்தான் தெரியும்.”

‘திருத்தத்தைத் திரும்பப் பெற விரும்புகிறீர்களா?’ என்று திரை கேட்டது. பானுவின் பிடி மெல்லத் தளர்ந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுபா கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. மின்விசிறி ஓடியது. பிறகு பானுவின் மணிக்கட்டில் பச்சை அணைந்து மஞ்சள் வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மஞ்சளும் போய்ச் சிவப்பு வந்தது. அதைப் பார்த்ததும் பானுவின் முகத்தில் பயம்தான் வரும் என்று சுபா நினைத்திருந்தாள். பானு நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கினவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

பக்கத்து வீட்டில் போன் அடித்தது. எதிர் வீட்டிலும் அடித்தது. அந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு மணி கேட்க ஆரம்பித்தது. “இல்லடா, எனக்கு ஒண்ணுமில்ல, சஷ்டி விரதம்டா!” என்று ஒரு அம்மா சிரிப்பும் எரிச்சலுமாகக் கத்தினாள். மாடி வீட்டில் ஒரு பெண் போனை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் விசும்பி விசும்பி அழுதாள். சுபாவின் போனில் கோதண்டபாணியின் பெயர் வந்து வந்து போனது. அவள் எடுக்கவில்லை.

பானுவின் போன் அடித்தது. மது.

“அம்மா! உன் விளக்கு ஏம்மா செவப்பா இருக்கு? என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லடி. மிஷின்ல ஏதோ கோளாறாம்…” என்று தொடங்கிய பானு, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

“பசிக்குது மது,” என்றாள். “ரொம்ப நாளா பசிக்குது.”

“நான் இன்னைக்கே கெளம்பி வர்றேம்மா. சாப்பிடும்மா முதல்ல.”

“உன் விசாடி…”

“விசாவைத் தூக்கிக் குப்பையில போடு. சித்தி பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்டக் குடு. இல்ல, வேண்டாம். நீ முதல்ல சாப்பிடு,” என்று அழுதபடி மது வைத்துவிட்டாள்.

பானு போனைக் கீழே வைக்கப் போனவள் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். வீட்டு ஆட்களின் விளக்குகள் அதில் வரிசையாகத் தெரிந்தன. கனகவேல் பச்சை. மது மஞ்சள். அவளே சிவப்பு. அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு.

“உன் கையக் காட்டு,” என்றாள்.

சுபா சுடிதாரின் முழுக்கையை இழுத்து மணிக்கட்டை மூடப் பார்த்தாள். பானு விடவில்லை. கையைப் பிடித்துத் துணியை மேலே தள்ளினாள். அதிலும் சிவப்பு.

“நீ கடைசியா எப்ப சாப்ட்ட?”

எனக்கும் விரதம்க்கா என்கிற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சுபா வாயை மூடிக்கொண்டாள். தெருவில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பானு சுவரைப் பிடித்து எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து சுபாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.